அரைப்பேர்

பதினொரு வருடம் அவருக்குப் பின்னாலிருந்த நாற்காலி
என்னுடையது.
நாவலப்பிட்டியில் பிறந்தவன், இரண்டு மொழியும் பிசகாது என்று
நேர்முகத்தில் சொல்லி வேலை வாங்கியவன்.
முதல் கூட்டத்திலேயே பிசகியது.

மருதாயி எழுந்தார். விரல் நுனியில்
இன்னும் போகாத கொழுந்துக் கறை.
“ஒரு கிலோ கொறஞ்சாலும்
அரைப்பேருதான் போடுறாங்க.”
தவிசாளர் என்னைப் பார்த்தார்.
அரைநாள் சம்பளம் என்று சிங்களத்தில் சொன்னேன்.
சரிதான், பிழையில்லை.
ஆனால் பேர் எங்கே?
வெயிலில் நின்று மழையில் நின்று
சாயங்காலம் பாதியாய்த் தறித்துக் கொடுக்கப்படும் பேர்,
என் வாய்க்கும் குறிப்பேட்டுக்கும் நடுவே
எங்கோ விழுந்துவிட்டது.

அவர் தோட்டத்துப் பலகையில் ஏதோ வேல்ஸ் ஊரின் பெயர்.
எந்தத் துரையோ வீட்டு ஏக்கத்தில் வைத்தது.
தபால்காரர் தவிர யாரும் வாசிப்பதில்லை.
வாக்குக் கேட்டு மலையேறியபோது
மாட்டுப்பட்டித் தோட்டம் என்றே நோட்டீசில் அச்சடித்தார்.
சங்கத் தலைவருக்குப் பிடிக்கவில்லை.
ஜெயித்த பிறகு பிடித்தது.

பீலியிலிருந்து லயத்துக்குக் குழாய்.
பிள்ளைக்காம்பராவுக்குத் தகரம்.
கழிப்பறை இரண்டு; ஒன்றுக்குக் கதவில்லை.
பட்ஜெட்டுக்குக் கை தூக்கினால் பாலம் என்றார்கள்,
கட்சி மாறிக் கை தூக்கினார்.
பாலம் பாதி ஆறு வந்தது.
கம்பிகளை நீட்டிக்கொண்டு இன்னும் நிற்கிறது.
அவரைத் துரோகி என்று மேடையேறிக் கத்தியவன்
அதன் நிழலில்தான் ஆட்டோ கழுவுகிறான்.

ஒருநாள் தவிசாளர் ஒரு வார்த்தை சொன்னார்.
இங்கே எழுதமாட்டேன்.
“தாமதத்துக்கு வருந்துகிறோம்” என்று
தமிழில் சொல்லி வைத்தேன்.
மருதாயி தலையசைத்தார்,
தண்ணீர்ப் போத்தலின் மூடியைத்
திருகித் திருகி.

பிறகு, தலவாக்கலைச் சந்தை. ஞாயிறு. தூறல்.
மீன் தட்டுக்கு முன்னால் ஒரு சிங்களக் குரல்:
இது முந்தாநாள் பாரை, கண்ணைப் பார் மல்லி,
அடு கரன்ன.
சிரித்து, அதட்டி, அவன் அம்மாவின் முழங்கால் வலியை விசாரித்து
முந்நூறு ரூபாய் இறக்கிவிட்டார்.
நான் லீக்ஸ் கட்டோடு நின்றேன்.
குடை மடிந்திருந்தது, விரிக்கத் தோன்றவில்லை.

“அப்போ எல்லாமே உங்களுக்கு...”
“வெளங்கும். பத்து வயசுல கண்டியில
வீட்டு வேலைக்கு நின்னேன்ல, அங்க படிச்சது.
அதுல வாயத் தொறந்தா அந்த வேலக்காரப் புள்ளதான்
பேசுது. மீனுக்கு அவ போதும்.
சபைக்கு ஆகாது.”
மீனை மடித்த செய்தித்தாள் நனைந்துகொண்டிருந்தது.
“அன்னைக்கு ஏதோ வருந்துறோம்னீங்களே,
ரொம்ப நல்ல தமிழு. யாருது?”

அடுத்த கூட்டத்தில் நான் மொழிபெயர்க்கவில்லை.
சிங்கள வாக்கியத்தின் நடுவில்
அரைப்பேர் என்றே வைத்தேன்.
என்னது, என்றார் தவிசாளர்.
விளக்கினேன். ஐந்து நிமிடம் பிடித்தது.
எழுதுநர் அதைச் சிங்கள எழுத்தில் எழுதினார்,
‘ர’ ஒன்று விட்டுப்போய்.
திருத்தச் சொல்லவில்லை.

அடுத்த தேர்தலில் நாற்பத்தொரு வாக்கில் தோற்றார்.
அதில் இருபது அவர் சொந்த லயத்தில்.
பெயர்களும் தெரியும் அவருக்கு.
அந்த வீடுகளுக்கும் குழாய்த் தண்ணீர் போகிறது.

ஓய்வுக்குப் பின் எப்போதாவது மாட்டுப்பட்டி ஏறுகிறேன்.
வெறுந்தேத்தண்ணி, உள்ளங்கையில் கருப்பட்டி.
இப்போதெல்லாம் என்னிடம் சிங்களத்தில்தான் பேசுகிறார்,
வேண்டுமென்றே,
பக்கத்துக் காம்பராவுக்குக் கேட்கும் குரலில்.
பதில் சொன்னால் நிறுத்தித் திருத்துகிறார்.
இலக்கணம் மோசமாம்.
எப்படித்தான் வேலை கொடுத்தார்களோ, என்கிறார்.